கணையாழியும் கைத்தொலைபேசியும்

காளிதாசனது சகுந்தலை நாடகத்தைக் கற்றோர் ஒரு காட்சியை எளிதில் மறவார். மன்னன் அவையிலே சகுந்தலை நிற்கின்றாள். அவளைக் காதலித்து மணந்த துஷ்யந்தனோ அவளை அறியேன் என்கின்றான். முனிவரது சாபத்தை நீக்கவல்ல அடையாளமாகிய கணையாழி, வழியில் அவள் தொழுத தீர்த்தத்தில் விரலினின்று நழுவி வீழ்ந்துவிட்டது. ஆள் கண்முன்னே நிற்கின்றாள், அடையாளம் இல்லை, ஆகவே ஆளும் இல்லை என்றாயிற்று.

கதை மிகப் பழையது. ஆயினும் பிரதேச செயலகத்திலும், வங்கியிலும், பரீட்சை மண்டபத்து வாயிலிலும் அக்காட்சி இன்றும் நடந்துகொண்டே இருக்கின்றது. எழுபது வயது முதியவர், தம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் உத்தியோகத்தர் முன்னே நின்றும், அட்டையை வீட்டிலே மறந்துவிட்டமையால் வெறுங்கையோடு திரும்புகின்றார். இந்தக் கணையாழி இப்பொழுது கைத்தொலைபேசிக்குள்ளே புகப் போகின்றது. ஒவ்வொருவருக்கும் தனித்துவ டிஜிட்டல் அடையாளம் வழங்குவதற்காக இலங்கையும் இந்தியாவும் 2022 மார்ச்சில் உடன்படிக்கை செய்துகொண்டன. 2023 ஓகஸ்டில் இந்தியா 45 கோடி இந்திய ரூபாவை முற்பணமாக வழங்கிற்று. முகம், கருவிழி, விரலடையாளம் ஆகியவற்றைப் பதிவு செய்து, ஆளொருவருக்கு ஓர் எண் என அமைப்பதே திட்டத்தின் சாரம்.

இதனைக் குறித்து நம் வீடுகளிலே இருவகைப் பேச்சுக் கேட்கின்றது. இனி வரிசையில் நிற்க வேண்டியதில்லை, எல்லாம் விரல் நுனியில் முடியும் என்பர் இளைஞர். வீட்டுக்குள்ளே அரசின் கண் ஒன்று வந்து அமரப் போகின்றது என்பர் முதியோர். இவ்விரண்டிலும் உண்மை உண்டு. ஆயின், கருவி நன்றோ தீதோ என்று வாதிடுவதனால் நாம் அடையும் பயன் சிறிது. நம்மிடம் கேட்பவர் எவ்வளவு கேட்கலாம், கருவி நம்மை அறிய மறுக்குமிடத்து நாம் யாரிடம் செல்லலாம் என்னும் இரு வினாக்களே குடும்பத்தவர் யாவரும் இப்பொழுது கேட்க வேண்டியவை.

எண் சொல்லும் இரகசியம்

1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் வழியே நம் நாட்டில் தேசிய அடையாள அட்டை தோன்றிற்று. 1972 ஆம் ஆண்டு முதல் அட்டைகள் வழங்கப்படலாயின. இன்று க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவர், பாடசாலை அதிபர் மூலம் விண்ணப்பித்து அதனைப் பெறுகின்றனர். பதினைந்து பதினாறு வயதிலே பெறும் அவ்வட்டை, ஆயுள் முழுதும் உடன் வருகின்றது.

அவ்வட்டையில் உள்ள எண்ணை உற்று நோக்கிய மாணவர் சிலரே. அதில் ஒரு சிறு கணக்கு ஒளிந்திருக்கின்றது. பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அவ்வாண்டில் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பது. பெண்ணாயின் அந்நாளெண்ணுடன் ஐந்நூறு கூட்டப்படும். 1985 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த ஆடவரின் எண் 85032 எனத் தொடங்கும். அதே நாளிற் பிறந்த பெண்ணின் எண் 85532 எனத் தொடங்கும். 2016 ஆம் ஆண்டு முதல் எண் பன்னிரண்டு இலக்கமாயிற்று. ஆண்டு நான்கு இலக்கத்தில் எழுதப்படுகின்றதேயன்றிக் கணக்கு மாறவில்லை.

இவ்வளவையும் கூறியது ஒரு காரணம் பற்றியே. எண்ணை மாத்திரம் அறிந்த கடைக்காரரும் நம் வயதையும் பிறந்த நாளையும் ஆண் பெண் என்பதையும் அறிந்துவிடுகின்றார். நாம் எண்ணைத்தானே கொடுத்தோம் என்று எண்ணுகின்றோம். எண்ணோ நாம் கேளாமலே நம் கதையைச் சொல்லிவிடுகின்றது. இந்தியாவின் ஆதார் எண்ணும் பன்னிரண்டு இலக்கமே. ஆனால் அது குலுக்கி எடுத்த சீட்டினைப் போன்றது. அவ்விலக்கங்களிலிருந்து உரியவரைப் பற்றி எதனையும் அறிய இயலாது. அடையாளம் என்பது ஆளைச் சுட்ட வேண்டும். ஆளைப் பற்றி வம்பு பேசக் கூடாது. புதிய திட்டத்தை எடைபோடுவதற்கு இது முதற் படிக்கல்.

கைநாட்டின் மறுபிறப்பு

நம் பாட்டன்மார் காலத்தில் எழுத்தறியாதவர் உறுதிப் பத்திரங்களிலே பெருவிரலை மையில் தோய்த்து ஒற்றினர். 'கைநாட்டு' என்பது அன்று ஓர் ஏளனச் சொல். அவ்வழக்கத்தின் அறிவியல் வரலாறு நம் அண்டை நாட்டிலேதான் தொடங்கிற்று. 1858 ஆம் ஆண்டில் வங்காளத்தில் வில்லியம் ஹேர்ச்செல் என்ற ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் கைப்பதிவை ஒப்பந்தப் பத்திரத்திலே பெற்றார். 1897 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் நிறுவப்பட்டது. எழுதத் தெரியாதவரது குறியாகக் கருதப்பட்ட அக்கைநாட்டை, இன்று பேராசிரியரும் மருத்துவரும் தத்தம் கைத்தொலைபேசியைத் திறப்பதற்காக நாளொன்றுக்கு நூறு முறை இடுகின்றனர்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். நாம் கைத்தொலைபேசியில் விரலை வைக்கும்போது, அவ்விரலின் குறிப்பு அக்கருவியினுள்ளே தனித்துப் பூட்டப்பட்ட ஒரு சிறு பகுதியில் மாத்திரம் தங்குகின்றது. அரசின் பதிவேட்டிலோ கோடிக்கணக்கானோரின் விரலடையாளங்கள் ஒரு களஞ்சியத்தில் சேர்கின்றன. முன்னையது நம் வீட்டுப் பெட்டகம். பின்னையது ஊர்ப் பண்டகசாலை. கடவுச்சொல் திருடப்பட்டால் மாற்றிக் கொள்ளலாம். விரலை மாற்றிக்கொள்ள எவராலும் இயலாது. ஆகவே பண்டகசாலைக்குக் காவல் பன்மடங்கு வலிதாதல் வேண்டும்.

அக்காவலைக் குறித்து அஞ்சுவதற்கு நமக்குக் காரணம் உண்டு. 2023 ஆம் ஆண்டில் இலங்கை அரசின் கணினிக் களஞ்சியத்தைக் கப்பம் கோரும் தீய நிரலொன்று தாக்கிற்று. மே மாதம் 17 ஆம் திகதி முதல் ஓகஸ்ட் 26 ஆம் திகதி வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் அழிந்தன. ஏறத்தாழ ஐயாயிரம் முகவரிகள் பாதிப்புற்றன. அக்காலப் பகுதிக்குரிய மறுபிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை. மின்னஞ்சலை இழந்தவர் மீண்டும் எழுதலாம். கருவிழியின் பதிவு பிறர் கைப்பட்டால் மீட்பது எங்ஙனம்?

பூட்டு ஒன்று, திறவுகோல் இரண்டு

இனி வரும் கைத்தொலைபேசிகள் அடையாளத்தை எவ்வாறு காட்டும்? உயர்தர வகுப்பு மாணவர்க்கு இதனை விளக்குதல் கடினமன்று. கருவியினுள்ளே இரண்டு திறவுகோல்கள் ஒன்றாகப் பிறக்கின்றன. ஒன்று வெளிப்படையானது, அதனை உலகறியக் கொடுக்கலாம். மற்றொன்று மறைவானது, அது கருவியை விட்டு ஒருபோதும் வெளியே வராது. வங்கி ஒரு புதிய வினாவை அனுப்பும். மறைவான திறவுகோல் அதன்மீது முத்திரை இடும். வெளிப்படையான திறவுகோலைக் கொண்டு வங்கி அம்முத்திரையைச் சோதித்து, இன்னாரது கருவியே இதனை இட்டது என அறியும். மறைபொருள் வழியிலே செல்லாமையால் வழிப்பறிக்கு இடமில்லை. அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட் ஆகிய மூன்று பெரு நிறுவனங்களும் 2022 மே மாதத்தில், கடவுச்சொல்லுக்கு மாற்றாக இம்முறையைத் தத்தம் கருவிகளில் விரிவாக ஏற்பதாக அறிவித்தன.

இதனினும் வியப்பானது, வேண்டியதை மட்டும் காட்டும் வித்தை. இன்று பதினெட்டு வயது நிரம்பியதைக் காட்ட அட்டையை நீட்டினால், பெயர், முகவரி, பிறந்த திகதி யாவும் உடன் செல்கின்றன. கைத்தொலைபேசியில் வைக்கும் சாரதி அனுமதிப்பத்திரத்திற்காக 2021 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட சர்வதேச நியமத்தின்படி, 'வயது நிரம்பியது, ஆம்' என்னும் ஒரு விடையை மாத்திரம் காட்டி ஏனையவற்றை மறைத்துக்கொள்ளலாம். இரகசியத்தை வெளியிடாமலே அதனை அறிந்திருப்பதை நிறுவும் கணித வழியொன்றும் 1985 ஆம் ஆண்டளவிலேயே ஆராயப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் தன் உறுப்பு நாடுகள் 2026 ஆம் ஆண்டின் இறுதிக்குள் குடிமக்களுக்கு இத்தகைய அடையாளப் பேழை ஒன்றை வழங்க வேண்டும் எனச் சட்டம் செய்துள்ளது. அச்சட்டத்தின்படி அப்பேழையைப் பயன்படுத்துவது மக்களின் விருப்பத்திற்கு உரியது.

என் வகுப்பிலே இதனை விளக்கியபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, கைத்தொலைபேசி தொலைந்துபோனால் நானும் தொலைந்தவனாவேனா?" என்று வினவினான். வகுப்புச் சிரித்தது, ஆயினும் அது சிரிக்கத்தக்க வினா அன்று. முறையாக அமைந்த திட்டத்தில் கைத்தொலைபேசி கணையாழி மாத்திரமே. அது தொலைந்தால் அதற்குரிய திறவுகோலைச் செல்லாததாக்கி வேறொன்று வழங்கலாம். ஆனால் அதனை வழங்கும் ஓர் அலுவலகமும், நம் மொழியில் நம் குறையைக் கேட்கும் ஓர் உத்தியோகத்தரும் இருத்தல் வேண்டும். அவ்விரண்டும் இல்லாவிடின் அம்மாணவன் அஞ்சியது மெய்யாகிவிடும்.

பிறர் கற்ற பாடங்கள்

சிறு நாடாகிய எஸ்தோனியா 2002 ஆம் ஆண்டு முதல் மின்னணு அடையாள அட்டையை வழங்கி வருகின்றது. 2017 ஆம் ஆண்டில் அவ்வட்டைகளின் சில்லுகளிலே ஒரு குறை இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். ஏறத்தாழ ஏழரை இலட்சம் அட்டைகள் அக்குறைக்கு ஆளாகியிருந்தன. அரசு அதனை மறைக்கவில்லை. செப்டெம்பரில் மக்களுக்கு வெளிப்படையாக அறிவித்தது. நவம்பரில் பழைய சான்றுகளை நிறுத்திவைத்துப் புதியவற்றைப் பெற வழி செய்தது. குறை நேர்தல் இயல்பு. அதனை உடனே ஒப்புக்கொள்ளுதல் ஆட்சியின் தகைமை.

இந்தியாவின் அனுபவம் நமக்கு இன்னும் அணித்தானது. அங்கே 2010 ஆம் ஆண்டில் முதலாவது ஆதார் எண் வழங்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் எண் பெற்றோர் தொகை நூறு கோடியைத் தாண்டிற்று. முன்னர் எச்சான்றும் இல்லாதிருந்த ஏழையர் பலர் அதனால் வங்கிக் கணக்குப் பெற்றனர். அதே வேளையில், 2017 ஆம் ஆண்டு ஜார்க்கண்ட் மாநிலத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கப்படாமையால் குடும்பத்தின் பங்கீட்டு அட்டை நீக்கப்பட்டது என்றும், அதனால் உணவின்றியே அவள் இறந்தாள் என்றும் குடும்பத்தார் கூறினர். பட்டினியன்று, நோயே காரணம் என்றனர் அதிகாரிகள். அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், இயந்திரம் 'இல்லை' என்று கூறியபின் ஏழையின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்னும் வினா இந்திய நாடெங்கும் எழுந்தது. 2018 செப்டெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் நலன்புரி உதவிகளுக்கு ஆதாரைப் பயன்படுத்துவதை ஏற்றுக்கொண்டது. வங்கிக் கணக்கிற்கும் கைத்தொலைபேசி இணைப்பிற்கும் அதனைக் கட்டாயமாக்கியதை நிராகரித்தது. எங்கே கேட்கலாம், எங்கே கேட்கலாகாது என்னும் எல்லைக் கோட்டை அங்கே நீதிமன்றமே வரைய நேர்ந்தது.

பெயரில் இருக்கும் சிக்கல்

நம் தமிழ்க் குடும்பங்களுக்கென்று தனியே சில இடர்கள் உள. அவற்றுள் முதன்மையானது பெயர்.

கணினிப் பதிவேடுகள் பல, ஒருவர்க்கு முதற்பெயரும் குடும்பப் பெயரும் உண்டு என்னும் எண்ணத்தில் அமைந்தவை. நமக்கோ தந்தை பெயரும் தன் பெயருமே உண்டு. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாக நிற்கும். இன்னோரிடத்தில் முழுப்பெயராக நீளும். மணமான பெண் தந்தையின் முதலெழுத்தை விடுத்துக் கணவனின் பெயரை ஏற்பாள். அவளது பிறப்புச் சான்றிதழும் வங்கிப் புத்தகமும் இருவேறு பெண்களைக் கூறும். ஆங்கில எழுத்தோ இன்னும் பெரிய தொல்லை. சண்முகம் என்ற ஒரே பெயரை எழுதும்போது 'எஸ்' என்னும் எழுத்தின் பின் 'எச்' இடுவாரும் உளர், இடாதாரும் உளர். லட்சுமி என்ற பெயருக்கு நடுவே 'எக்ஸ்' இடுவார் ஒருவர், 'கே' இடுவார் மற்றொருவர். மனிதர் கண்ணுக்கு இவை ஒரே பெயர். இயந்திரத்தின் கண்ணுக்கு ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகின்றார்.

இரண்டாவது, மொழி. 2014 ஆம் ஆண்டு வரை வடக்குக் கிழக்கிற்கு வெளியே வழங்கப்பட்ட அடையாள அட்டைகளிலே சிங்களம் மாத்திரமே இருந்தது. மலையகத்துத் தாயொருத்தி தன் பெயர் சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று தன் அட்டையையே வாசித்தறிய இயலாதிருந்தாள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருந்த மக்களின் பரம்பரை அது. ஆவணம் இன்மை என்பது அவர்க்கு ஒரு சிறு அசௌகரியமன்று. மூன்று தலைமுறை வரலாறு. மேலும், உடலுழைப்பால் விரலின் ரேகை தேய்ந்துவிடுதல் எங்கும் அறியப்பட்ட உண்மை. ஆண்டாண்டாய்க் கொழுந்து பறித்த விரலைக் கருவி அறிய மறுத்தால், அக்குற்றம் விரலுடையதன்று.

மூன்றாவது, இழப்பு. போர்க்காலத்து இடப்பெயர்விலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்விச் சான்றிதழ் யாவற்றையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே பல. நீரில் அழியாத, நெருப்பில் வேகாத பதிவொன்று இருந்திருப்பின் எத்தனை அலைச்சல் குறைந்திருக்கும்! டிஜிட்டல் அடையாளத்தை நான் முற்றாக வெறுக்காதிருப்பதற்கு இதுவே காரணம். ஆனால் அதே போர்க்காலத்தில், சோதனைச் சாவடியில் ஓர் அட்டையும் அதிலுள்ள பிறந்த இடமும் மனிதரின் கதியைத் தீர்மானித்ததையும் நாம் கண்டோம். ஆகவே ஆவணத்தின் அருமையும் அதன் கொடுமையும் நமக்கு ஒருங்கே தெரியும். இவ்விடயத்தில் நம் கருத்து ஆட்சியாளர் செவிக்கு எட்ட வேண்டும் என்பது அதனாலேயே.

கேட்க வேண்டியவையும் செய்ய வேண்டியவையும்

எனவே இத்திட்டத்தை மூன்று நிபந்தனைகளோடு வரவேற்கலாம் என்பது என் துணிபு.

முதலாவது, கேட்பவர் தமக்கு வேண்டிய அளவே கேட்க வேண்டும். யார், எப்பொழுது, எதற்காகக் கேட்டார் என்பதை உரியவர் பார்க்கக் கூடியதாயிருத்தல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஓர் அடித்தளம். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்து பின்போடப்பட்டன. காவலனை நிறுத்தாமற் களஞ்சியத்தைத் திறத்தல் நன்றன்று.

இரண்டாவது, பிழை திருத்தும் வழி எளிதாயிருத்தல் வேண்டும். தமிழிலும் இருத்தல் வேண்டும். சிலம்பொன்றைத் தவறாக அடையாளங் கண்டதனால் மதுரையில் ஓர் உயிர் போயிற்று. கண்ணகிக்கு அரசவையிலே தன் வழக்கை உரைக்க இடங் கிடைத்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. திருத்தம் விரைந்து நடக்காவிடின் அது திருத்தமாகாது.

மூன்றாவது, கருவி இல்லாதவரும் கருவியால் அறியப்படாதவரும் திருப்பி அனுப்பப்படலாகாது. பரீட்சைக்குத் தோற்றுவோரிடம் தேசிய அடையாள அட்டை இல்லாவிடத்துத் தபால் அடையாள அட்டை ஏற்கப்பட்ட நல்வழக்கம் நம்மிடம் முன்னர் இருந்தது. அத்தகைய மாற்று வழி எல்லா அலுவல்களிலும் சட்டமாக வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை இவையாயின், வீட்டிலே நாம் செய்ய வேண்டியவையும் உள. பிள்ளைகள் ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரது பெயரும் பிறப்புச் சான்றிதழில், அடையாள அட்டையில், கடவுச்சீட்டில், வங்கிப் புத்தகத்தில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என நிரல்பட எழுதட்டும். எழுத்து மாறுபாடு உண்டாயின் வட்டமிடட்டும். பிறப்புப் பதிவிலுள்ள பிழையைத் திருத்துதற்குப் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரை அணுகலாம். புதிய பதிவு தொடங்கிக் கூட்டம் பெருகியபின் திருத்துவதினும் இப்பொழுதே திருத்துவது எளிது. அடையாள அட்டையின் பிரதியை எவர்க்கேனும் கொடுக்க நேரின், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதையும் திகதியையும் அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள். கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண்ணை, வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறுபவர்க்கும் சொல்லாதீர்கள். அது இக்காலத்துக் கையொப்பம். விரல் தேய்ந்த முதியோர் வீட்டில் இருந்தால், பதிவுக்குச் செல்லும்போது கருவிழியையும் முகத்தையும் கவனமாகப் பதியுமாறு உடன் சென்று கேளுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, அலுவலகங்கள் மூடியிருக்கும், வீட்டார் கூடியிருப்பர். அலுமாரியின் மேற்றட்டிலே துணியில் முடிந்து வைத்திருக்கும் பத்திரக் கட்டை இறக்கி, தாத்தாவின் பிறப்புச் சான்றிதழிலிருந்து தொடங்குங்கள்.